சீரகத்தளவு சங்கு

எங்கள் வீட்டில் கிளிஞ்சல் என்றால் கோழித் தீவனம். வேறு எந்த மரியாதையும் அதற்குக் கிடையாது. முட்டை ஓடு கெட்டியாக இருக்க வேண்டுமென்றால் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து போக வேண்டும். அதற்காகக் கடற்கரையிலிருந்து லாரி லாரியாக வந்து எங்கள் தீவன மில்லுக்கு முன்னால் குவியும். கடலை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. ஆனால் இந்தப் பக்கத்து முட்டையைத் தின்ற எல்லோரும் கொஞ்சம் கடலையும் சேர்த்துத்தான் தின்றிருக்கிறார்கள். இதைச் சொன்னால் அப்பா, "கத அளக்காத சாமி, கோழிக்குத் தண்ணி வருதான்னு பாரு" என்பார்.

என் பெயர் சௌந்தர்யா. விலங்கியலில் முதுகலை படித்தவள். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் செல்லமுத்துவின் ஒரே மகள். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் வைத்திருக்கும் கதிர்வேலுக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரு பையோடு திரும்பி வந்தவள். இந்த மூன்றில் ஊருக்கு ஞாபகம் இருப்பது கடைசி ஒன்றுதான்.

கதிர்வேல் குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். அதனாலேயே என் கோபத்துக்கு ஊரில் மதிப்பில்லை. கல்யாணமான புதிதில் என் சர்டிபிகேட்டுகளை வாங்கி, "பத்திரமா இருக்கட்டும்" என்று பீரோவில் வைத்துப் பூட்டினார். வேலைக்கு விண்ணப்பம் போடலாம் என்று நான் கேட்கும்போதெல்லாம், "எதுக்கு? ஊட்டுல என்ன கொற?" என்பார். சாவி அவரிடமே இருந்தது. கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போய் ஒருநாள் கிளம்பி வந்துவிட்டேன். சர்டிபிகேட்டுகள் அங்கேயே கிடக்கின்றன.

வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கிளிஞ்சல் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, சல்லடையில் கீழே விழும் பொடியை மறுபடி டீ வடிகட்டியில் சலிக்க ஆரம்பித்தேன். பெரிய சிப்பிகளை யாரும் பார்ப்பார்கள். அந்தப் பொடிக்குள் கடுகளவிலும் எள்ளளவிலும் முழுச்சங்குகள் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. பண்ணையில் முட்டை பொறுக்கும் பெண்கள் என்னைத் தாண்டிப் போகும்போது, "சின்னம்மா இன்னைக்கு முத்து கெடைச்சுதுங்களா?" என்று கேலி பேசுவார்கள். முத்து வேறு, நத்தை வேறு என்று விளக்கப்போய் நானே சிரித்துவிடுவேன்.

அப்படிச் சலித்ததில்தான் அது அகப்பட்டது. சீரகத்தளவு, சீரகத்தின் வடிவம், கிட்டத்தட்ட அதே நிறம். லென்ஸில் பார்த்தால் உடம்பு முழுக்க மணி மணியாகக் கோத்த வரிகள். அந்த வரிகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு கீழிருந்து மேல்வரை சுற்றிச் சுற்றி ஏறும். அந்தக் கோடு எனக்குத் தெரிந்த எந்த இனத்திலும் இல்லை. சாதாரணச் சங்குகள் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் வேறு சுற்றியிருந்தது. பெரிய சங்கில் அப்படி ஒன்று கிடைத்தால் வலம்புரி என்று பட்டுத்துணி விரித்துப் பூஜையில் வைத்துவிடுவார்கள். இந்தச் சின்ன நத்தைக் குடும்பத்தில் அநேகமாக எல்லாமே வலம்புரிதான், ஆனால் யாரும் கும்பிடுவதில்லை. இந்த விஷயத்தை அம்மாவிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. சொன்னால் மறுநிமிஷம் பாலில் போட்டு விளக்கேற்றிவிடுவாள்.

அதுபோலக் கிடைத்ததெல்லாம் நுனி உடைந்தவை. கடலோரக் கல்லூரி ஒன்றில் நத்தைகளை ஆராயும் தமிழரசு சாருக்குப் படம் அனுப்பினேன். அவர் போனில், "நுனி உடைஞ்சதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. அது பிறந்தப்போ இருந்த ஓடு நுனியிலதான் இருக்கு. முழுசா ஒண்ணு கொண்டு வாங்க. புது இனம் மாதிரி தெரிஞ்சா உயிரோட தேடிப் பார்க்க என் திட்டத்துல ஒரு ஆள் வேணும். அந்த இடம் உங்களுக்குத்தான்" என்றார். லாரி டிரைவரிடம் கிளிஞ்சல் ஏற்றிய இடத்தைக் கேட்டு வைத்தேன். முழுசாக ஒன்று மட்டும் கிடைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கிடைத்தது. நுனி ஊசிபோல் முழுசாக இருந்தது. கழுவினேன். ஈரம் காயட்டும் என்று, அன்று பொறுக்கி வைத்த ஒரு சிட்டிகைக் கிளிஞ்சலோடு சாஸரில் போட்டு ஜன்னலில் வைத்தேன். காலையில் பஞ்சு வைத்துத் தீப்பெட்டிக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பு.

மறுநாள் ஞாயிறு. அன்றைக்குத்தான் கதிர்வேலும் அவருடைய பெரியப்பா கந்தப்பனும் என்னைப் பேசி அழைத்துப்போக வருவதாக இருந்தார்கள். நாளைக் குறித்தது அவர்களும் அம்மாவும். என்னிடம் தகவலாகச் சொன்னார்கள், கல்யாணப் பத்திரிகையைக் கொடுப்பது மாதிரி. நான் வரமாட்டேன் என்று சொல்லத்தான் போகிறேன். ஆனால் வந்து கேட்பவர்களுக்கு முன்னால், "அப்போ என்னதான் பண்ணப் போறே?" என்ற கேள்விக்கு ஒரு பதில் வேண்டாமா? அந்தப் பதில் ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தது.

இங்கே சேவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் திரும்பி வந்த மாதமே அம்மா முனியப்பனுக்கு ஒரு நாட்டுச் சேவலை நேர்ந்து விட்டாள். மகள் மறுபடி புருஷன் வீட்டுக்குப் புறப்படும் அன்றைக்குக் கோயிலில் அறுப்பதாக வேண்டுதல். நேர்ந்து விட்ட உயிரில் ஒரு குறை இருக்கக்கூடாது. கொண்டை கிழியக்கூடாது, நகம் முறியக்கூடாது, மேலில் காயம் படக்கூடாது. குறைப்பட்டதைச் சாமி ஏற்காது. அதனால் ஷெட்டில் ஆயிரக்கணக்கில் கோழிகள் கூண்டில் கிடக்க, இது மட்டும் முருங்கை மரத்தடியில், காலில் நீளக் கயிற்றோடு, கம்பு தின்றுகொண்டு ஜமீன்தார் மாதிரி வாழ்ந்தது. என்னைக் கண்டால் கொத்த வரும். நான் போனால்தான் அது சாகும். அது தெரிந்திருந்தால் என்னிடம் கொஞ்சம் பணிவாக நடந்திருக்கும்.

ஞாயிறு காலை குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், ஜன்னல் காலி.

"அம்மா, இங்க இருந்த சாஸர் எங்க?"

"கழுவிக் கவுத்திருக்கறேன். வர்ற சனத்துக்குக் காப்பி குடுக்க வேண்டாமா?" என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்.

"அதுல இருந்தது?"

"கிளிஞ்சலா? கம்போட கலந்து சேவலுக்குப் போட்டுட்டேன். எதுக்கு வீணாப் போவோணும்?"

வேறு எந்த வீட்டிலும் ஒரு அம்மா அதைக் குப்பையில் கொட்டியிருப்பாள், நான் குப்பையைக் கிளறி எடுத்திருப்பேன். எங்கள் வீட்டில் கிளிஞ்சலை யாரும் குப்பையில் கொட்டமாட்டார்கள். அதுதான் என் தலையெழுத்து.

முருங்கை மரத்தடிக்கு ஓடினேன். தட்டு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. சேவலின் கழுத்துக்குக் கீழே கையை வைத்தேன். இரைப்பை நிறைந்து பந்தாக இருந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது. கோழி தின்றது முதலில் இரைப்பையில் சும்மா கிடக்கும். அரைப்பதெல்லாம் அதற்குக் கீழே இருக்கும் பையில்தான். அங்கே இறங்கிவிட்டால் என் சங்கு மாவாகிவிடும். மேலே இருக்கும்வரை ஆபத்தில்லை. எவ்வளவு நேரம் மேலே இருக்கும் என்பது சேவலுக்குத்தான் வெளிச்சம்.

தீனி இறங்காமல் இரைப்பை கட்டிக்கொண்ட கோழிக்குப் பிளேடால் கீறி, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தைத்து விடுவது எங்கள் பக்கம் பலருக்கும் கைவந்த வேலை. நானும் செய்திருக்கிறேன். அம்மா என்னைவிட நன்றாகச் செய்வாள். பண்ணை அறைக்குப் போய்ப் புது பிளேடு, ஊசி, நூல், ஸ்பிரிட் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா பின்வாசலில் நின்றாள். "என்ன பண்ணப் போற?"

"சேவலக் கீறப் போறேன்."

"அடிப் பாவி! அது முனியப்பனுக்கு உட்ட சேவலு."

"சேவலு முனியப்பனுதாவே இருக்கட்டும். உள்ள இருக்கறது என்ற சங்கு."

அம்மா ஓடி வந்து சேவலுக்கும் எனக்கும் நடுவே நின்றுகொண்டாள். "சீரகத்தாட்டம் ஒன்னுக்கு நேந்து உட்ட உசுரக் கீறுவியா? லாரி லாரியாக் கெடக்குது. போயி வேற பொறுக்கிக்க."

"இந்த ஒன்னுக்கு எத்தன லாரி சலிச்சேன்னு நீதான் பாத்தியே."

சத்தம் கேட்டு அப்பா ஷெட்டிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். சேவலைப் பார்த்தார், என் கையிலிருந்த பிளேடைப் பார்த்தார். "அவிய கெளம்பிட்டாங்களாமா, இப்பத்தான் போன் வந்துச்சு. இன்னைக்கு வேண்டாம் சாமி, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

"நாளைக்கு அது எச்சமா வந்துரும்ங்கப்பா."

அவர் தலையைச் சொறிந்தார். "நான் ஒன்னும் சொல்லல" என்று மில்லைப் பார்க்கப் போய்விட்டார். எந்தச் சண்டையிலும் அப்பாவுக்கு மில்லில் ஒரு வேலை ஞாபகம் வந்துவிடும்.

அம்மா நகரவில்லை. வலம்புரி என்ற ஒரு வார்த்தை என் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் போதும், என் கையிலிருக்கும் பிளேடை அவளே பிடுங்கிக்கொள்வாள். சாமிக்குப் போட்டி சாமியாகிவிடும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் என் படிப்புக்காக, என் வேலைக்காக, என் வாய்ச்சொல்லுக்காக இந்த வீட்டில் எதுவும் அசைந்ததில்லை. இன்றைக்காவது அசையட்டும். பொல்லாத வீம்புதான். எனக்கு அப்போது அந்த வீம்பைத் தவிர வேறெதுவும் கையில் இல்லை.

"அம்மா, நான் அங்க போனா எனக்கு என்ன இருக்குதுன்னு நீயே சொல்லு."

"புருசன் இருக்கறான். ஊடு வாசல் இருக்குது. வேறென்ன வேணும்?"

"பீரோ இருக்குது. நான் படிச்சதெல்லாம் அதுக்குள்ள பூட்டிக் கெடக்குது. இந்தச் சேவலாச்சும் முழுங்குனதக் கீறி எடுத்துரலாம். அந்தப் பீரோவ என்ன பண்றது, சொல்லு."

அம்மா தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தாள். அந்த இடைவெளியில் நான் அவளைச் சுற்றிப் போய்ச் சேவலைப் பிடித்துவிட்டேன்.

பிடித்துவிட்டேன் என்று சொல்வது எளிது. அது இறக்கையை அடித்துக்கொண்டு என் முகத்தில் மண்ணை வாரிப் போட்டது. மணிக்கட்டில் கொத்தி ரத்தம் வர வைத்தது. துண்டைச் சுற்றி மடியில் அமுக்கினேன், கால் வெளியே வந்தது. காலைப் பிடித்தேன், தலை வெளியே வந்தது. ஒரு கையில் பிளேடு இருந்ததால் மறு கை ஒன்றுதான் மிச்சம். சேவலோ ஏதோ ஐந்தாறு சேவல்கள் சேர்ந்த மாதிரி இருந்தது.

"ஒத்தக் கையில கீறுனா மூச்சுக் கொழலையும் சேத்துக் கீறிப்போடுவ" என்றாள் அம்மா.

நான் துண்டை இன்னும் ஒரு சுற்று சுற்றினேன்.

"கீறிட்டா அது சாமிக்கு ஆவாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"வேண்டுதலு அத்தோட போச்சு."

"போவட்டும்."

அம்மா ரோட்டுப் பக்கம் பார்த்தாள். கார் எதுவும் வரவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கு எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். இரண்டு இறக்கைகளையும் ஒரு கையிலும் இரண்டு கால்களையும் மறு கையிலும் இழுத்துப் பிடித்தாள். சேவல் அசையவில்லை. அவள் கைக்குள் போன எந்தக் கோழியும் அசைந்ததில்லை.

"நூல ரெட்டையாக் கோத்துக்க. பையத் தனியாத் தெச்சுப்போட்டு, தோலத் தனியாத் தெக்கோணும்" என்றாள்.

இறகைப் பிடுங்கினேன். ஸ்பிரிட் தடவினேன். தோலைக் கீறி, பையைக் கொஞ்சமாகக் கீறி, டீ ஸ்பூனால் உள்ளே இருந்ததை ஒரு தட்டில் வழித்தேன். ஊறிய கம்பு, புல், கூழாங்கல், கிளிஞ்சல் துண்டுகள். நான் தைக்கத் தொடங்கியதும் ஊசி வழுக்கியது. அம்மா, "அவசரப்படாத. அதுக்கு வலிக்கும்" என்றாள். பையைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் தைத்து முடித்தேன். சேவலை இறக்கிவிட்டதும் அது முருங்கை மரத்துக்குப் பின்னால் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

தட்டில் இருந்ததை டீ வடிகட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கம்பை ஒவ்வொன்றாக ஒதுக்கினேன். இல்லை. மறுபடி பார்த்தேன். ஒரு புல்லின் மடிப்புக்குள் பழுப்பாக ஏதோ தெரிந்தது. ஊசி முனையால் புல்லைப் பிரித்தேன். என் சங்கு. லென்ஸை எடுத்து, துடைத்ததையே மறுபடி துடைத்தேன். பிறகு பார்த்தேன். நுனி இருந்தது. நான் அழுதேன். அம்மா கையைக் கழுவப் போய்விட்டாள்.

கார் வந்தபோது நான் புடவை மாற்றியிருக்கவில்லை. மணிக்கட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. கந்தப்பன் நல்ல மனிதர், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுபவர். அவர் காப்பியை வாங்கிக்கொண்டு, "நேரத்துலயே கோயிலுக்குப் போயிட்டு வந்தரலாமுங்களா? சேவலு இருக்குதுங்கல்ல?" என்றார். அம்மாவின் வேண்டுதல் ஊர் முழுக்கத் தெரிந்ததுதானே.

"சேவலு கொறப்பட்டுப் போச்சுங்க. இனி சாமிக்கு ஆவாதுங்க" என்றாள் அம்மா.

"அதுக்கென்னங்க அத்த, போற வழியில வேற சேவலு புடிச்சாப் போச்சு" என்றார் கதிர்வேல். வெள்ளைச் சட்டை, கையில் கார் சாவி. எந்தச் சாவியும் அவர் கையைவிட்டு இறங்காது.

"நேந்து உட்டது இதத்தானுங்க மாப்ள. சாமிகிட்ட பேச்ச மாத்தறதுக்கில்லீங்க."

மில்லிலிருந்து வந்திருந்த அப்பா காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். கந்தப்பன் என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சாமி சொல்ற?"

நான் கதிர்வேலைப் பார்த்துக் கேட்டேன். "ஏனுங்க, என்ற சர்டிபிகேட்டக் கொண்டு வந்தீங்களா?"

"பீரோவுல பத்திரமா இருக்குது. நீ ஊட்டுக்கு வா, சாவியவே குடுத்தர்றேன்."

பெரிய மனசுதான். அந்தச் சாவியை ஒருகாலத்தில் நான் அழுது கேட்டிருக்கிறேன். இப்போது அவராகவே தருகிறேன் என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"அது அங்கயே இருக்கட்டுங்க. யுனிவர்சிட்டில எழுதிக் குடுத்தா நகல் குடுப்பாங்க." தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன். "இதுக்கு நகல் கெடையாதுங்க. நாளைக்கு இதக் கொண்டுக்கிட்டு கடலுக்குப் போறேன். இது உசுரோட எங்க இருக்குதுன்னு தேடற வேல. நான் உங்க ஊட்டுக்கு வரலீங்க."

கதிர்வேல் எட்டிப் பார்த்தார். "இதென்ன, சீரகமா?"

பின்வாசல் வழியே, தையல் போட்ட கழுத்தோடு நின்ற சேவலும் அவர் கண்ணில் பட்டது. அவர் முகம் சிவந்தது. "பாத்தீங்களா பெரியப்பா? பொம்பளைக்கு இத்தன வீம்பு ஆவாது. நேந்து உட்ட சேவலையே கீறியிருக்கறா. மேலெல்லாம் ரத்தம்."

"கீறுனது அவதானுங்க" என்றாள் அம்மா. சாஸர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னாள். "காலப் புடிச்சது நானுங்க."

கந்தப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். மிச்சக் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார். அப்பா வாசல்வரை போய் வழியனுப்பினார், வழக்கமான மரியாதையோடு.

கார் போன பிறகு சங்கைப் படம் எடுத்துத் தமிழரசு சாருக்கு அனுப்பினேன். "நேரில் கொண்டு வாருங்கள், உடனே" என்று பதில் வந்தது. அது புது இனமா, எவனோ எப்போதோ பெயர் வைத்துவிட்டுப் போனதா என்று இன்னும் தெரியாது. பழசாகவே இருந்தாலும் நான் அந்தக் காரில் ஏறியிருக்கப் போவதில்லை. அது மட்டும் நிச்சயம்.

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "குடு, அப்பிடி என்னதான் இருக்குதுன்னு பாக்கறேன்" என்று லென்ஸை வாங்கிக்கொண்டாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அவள் விரல் காற்றில் மெதுவாகச் சுற்றியது, ஒரு திசையில்.

"ஏ புள்ள, இது வலம்புரியாட்டமல்ல சுத்தியிருக்குது?"

"ஆமா."

"முன்னாலயே சொல்றதுக்கென்ன? மறுபேச்சு பேசாமக் கீறியிருப்பனே."

"அதுக்குத்தான் சொல்லல. சொல்லியிருந்தா சாமிக்காகப் புடிச்சிருப்ப. எனக்காகப் புடிக்கோணும்னு இருந்துச்சு."

அம்மா லென்ஸைத் தரையில் வைத்தாள். எழுந்து போனாள். முருங்கை மரத்தடியில் குனிந்து சேவலின் காலில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

அது கொஞ்ச நேரம் நம்பாமல் நின்றது. பிறகு தையல் போட்ட கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நேராக என்னிடம் வந்து, என் காலைக் கொத்தியது.